நாற்பத்தோராவது சீட்டு

வெள்ளிக்கிழமை காலை 8.40.

அலமாரியைத் திறந்தவள் கவர்களை எண்ணினாள். ஏழு. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்து மறுபடி எண்ணினாள். அப்போதும் ஏழுதான். இருக்க வேண்டியது எட்டு.

கல்வி மாவட்ட அலுவலகத்தின் சம்பளப் பிரிவில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணுக்குப் பட்டப்பெயர் ‘சில்லறை’. எல்லோருடைய சம்பளத்தையும் கடைசிக் காசு வரை சரிபார்க்காமல் நாற்காலியை விட்டு எழ மாட்டாள். அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் எட்டு ஏழாகிப் போயிருந்தது.

வருடா வருடம் நீண்ட விடுமுறைக்கு முன்னால் அந்த மாவட்டத்தில் ஒரு நல்ல காரியம் நடக்கும். ஆசிரியர், ஓட்டுநர், சமையல்காரர், காவலாளி என்று பள்ளிகளில் வேலை செய்யும் எல்லோரும் ஆளுக்கொரு கொடைச் சீட்டு நிரப்புவார்கள். எந்தத் தொண்டுக்கு, சம்பளத்தில் பிடித்தமா அல்லது தன் கையால் இத்தனை மணி நேர உழைப்பா என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். எட்டு இடங்களிலிருந்து எட்டு கவர்கள் வரும். இந்த வருடம் அதை நடத்தும் பொறுப்பு சில்லறையின் தலையில் விழுந்திருந்தது. காணாமல் போனது பள்ளி பஸ் டிப்போவின் கவர். உள்ளே நாற்பத்தொரு சீட்டுகள். ஒவ்வொன்றிலும் பெயர், பணி எண், வங்கிக் கணக்கு எண், கையெழுத்து.

8.55-க்குப் பணியாளர் பிரிவு அதிகாரி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். பயந்தவர்கள் அதிகாரத்தில் இருந்தால் முதலில் கண்ணில் படுகிறவர்தான் குற்றவாளி.

“அலமாரிச் சாவி எங்க இருக்கும்?”

“காலண்டருக்குப் பின்னால, ஆணியில சார்.”

“அது யார் யாருக்குத் தெரியும்?”

“எனக்கு. அப்புறம்...” சில்லறை நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. “துப்புரவு அக்காவுக்கு.”

துப்புரவு அக்கா காலை ஆறு மணிக்கு வருகிறவள். ஏழரை வரை மொத்தக் கட்டடத்திலும் அவள் ஒருத்திதான். ஒன்பது வருடம் தற்காலிகம். அடுத்த மாதம் நிரந்தர உத்தரவு வருவதாக இருந்தது.

“நாலு மணி விழா வரைக்கும் பார்ப்பேன்” என்றார் அதிகாரி. “நாற்பத்தொரு பேரோட கணக்கு நம்பரும் கையெழுத்தும் தொலைஞ்சிருக்கு. டிப்போ வேற மதியம் ரெண்டு மணிக்கு மூடிடுவாங்க. டிரைவருங்க லீவுல போயிட்டா திரும்ப எழுதி வாங்கவும் முடியாது. நாலு மணிக்குள்ள கிடைக்கலைன்னா போலீஸ். அந்தம்மா உத்தரவையும் நிறுத்தி வைக்கச் சொல்லிடறேன். அதுவரைக்கும் இந்தக் கட்டடத்துல இருந்து ஒரு துரும்பு வெளிய போகக் கூடாது. தபால் வண்டியும்தான்.”

9.05-க்குத் தபால் வண்டி உள்ளே வந்தது.

அதை ஓட்டுகிறவருக்கு ‘கவர் அண்ணன்’ என்று பெயர். பள்ளிகளுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே நாள் முழுக்கக் கவர்களைச் சுமந்து திரிகிறவர். வேறு யாரும் இல்லாத மனிதர். வண்டியோடு பேசுவார், கண்ணாடி வைப்பரோடு சண்டை போடுவார். தினமும் ஏழரை மணிக்கு, டிப்போவில் வண்டியை எடுக்கப் போகிற வழியில், அலுவலகப் பின்கட்டில் துப்புரவு அக்காவோடு ஒரு டீ. ஒரே பிஸ்கட்டை இரண்டாக உடைத்துப் பெரிய பாதியை அவள் பக்கம் தள்ளுவார். அவள் அதைத் திரும்பத் தள்ளுவாள். கடைசியில் பெரிய பாதி யாருக்குப் போகும் என்பது அன்றன்றைய இழுபறி. ஒன்பது வருடத்தில் அதற்கு மேல் ஒரு வார்த்தை இருவரும் பேசியதில்லை. பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றாமலும் இல்லை.

இன்று அவள் பின்கட்டில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

“கவர்காரரே, விஷயம் தெரியுமா? நான் திருடியாம்.”

“யார் சொன்னது?”

“வாயால யாரும் சொல்லல. என் பையை மட்டும் திறந்து காட்டச் சொன்னாங்க. உள்ள டிபன் டப்பாவும் மூட்டுவலித் தைலமும் இருந்துச்சு. தைலத்தையும் மோந்து பார்த்தாரு.”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. கவர் அண்ணன் படியில் உட்கார்ந்தார்.

“நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. காலையில சம்பளப் பிரிவுக்கு எத்தனை மணிக்குப் போனீங்க?”

“ஆறேகாலுக்கு.”

“அலமாரி?”

“தொடவே இல்ல. பூட்டியிருந்தா எனக்கு வேலை மிச்சம்.”

“வேற என்ன செஞ்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“என்னத்தச் செய்வேன்? கூட்டினேன், குப்பைக்கூடையைக் கொட்டினேன், மேசையைத் துடைச்சேன். அந்த ரெண்டு பிளாஸ்டிக் டிரே இருக்கே, உள்ள வர்றதுக்கு ஒண்ணு, வெளிய போறதுக்கு ஒண்ணு, எந்தப் புண்ணியவான் கை வச்சானோ, ரெண்டுலயும் கரி. சோப்புப் போட்டுத் தேய்ச்சாத்தான் போச்சு. பூச்செட்டிக்குத் தண்ணி ஊத்தினேன். அவ்வளவுதான்.” கொஞ்சம் நிறுத்தினாள். “உங்களுக்கும் என் மேல சந்தேகமா?”

“என் மேல கூட எனக்குச் சந்தேகம் வரும். உங்க மேல வராது” என்றார் அவர்.

சும்மா ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை. அதில் பாதி நிஜம் என்று அப்போது அவருக்கே தெரியாது.

காலை 10.10. சம்பளப் பிரிவு.

அதிகாரி கதவருகே கைகட்டி நின்றார். கவர் அண்ணன் கேட்டார், சில்லறை பதில் சொன்னாள்.

“டிப்போ கவர் எப்ப வந்துச்சு?”

“நேத்து 3.10. நீங்கதானே அண்ணே கொண்டாந்தீங்க. நான் பிரிச்சு எண்ணினேன், நாற்பத்தொண்ணு. திரும்ப நூலைச் சுத்தி ‘உள்ளே’ டிரேயில வச்சேன், அப்புறமா பதியலாம்னு.”

“அப்புறம் யாரெல்லாம் வந்தாங்க?”

“3.15-க்குச் சமையலம்மா வந்தாங்க, மூணாவது ஸ்கூல்ல இருந்து. சமையல்கட்டுச் சீட்டையெல்லாம் கையோட கொடுத்துட்டுத் தண்ணி குடிச்சாங்க. கையில ஒரு சின்னப் பர்ஸ்தான், வாசல் வரைக்கும் நானே கூடப் போனேன். 3.35-க்கு டிப்போ மேஸ்திரி, அதான் அவங்க வீட்டுக்காரர், வந்தாரு. உங்க வண்டிக் கதவைச் சரிபண்ணின வேலைச்சீட்டுல கையெழுத்தும் முத்திரையும் வேணும்னு. அவங்க போய்ப் பத்து நிமிஷம் கழிச்சு இவரு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கல. 3.50-க்கு நீங்க வந்து ‘வெளியே’ டிரேயில இருந்ததை அள்ளிட்டுப் போனீங்க. அஞ்சு மணிக்கு எல்லாக் கவரையும் அலமாரியில வச்சுப் பூட்டினேன்.”

“எண்ணி வச்சியா, அடுக்கி வச்சியா?”

சில்லறை விழித்தாள். “அடுக்கி... வச்சேன். எட்டு இருக்கும்னு...”

“சம்பளம்னா எண்ணுவே. கவர்னா அடுக்குவே. சரி விடு தங்கச்சி, அழாத. சமையலம்மா என்ன பேசினாங்க?”

சில்லறை அதிகாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஒரு மாதிரி கேள்வியா கேட்டாங்க அண்ணே. ‘எங்க வீட்டுக்காரருக்கு வியாழக்கிழமை சாயங்காலம் ஓவர்டைம் இருக்கா’ன்னு. அது சொல்லக் கூடாத விஷயம்னு சொல்லிட்டேன். ஆனா வாய் மூடினா போதுமா? என் முகம் ‘இல்லை’ன்னு சொல்லிடுச்சு. அவங்க தலையாட்டிட்டு, சுவத்துல இருக்கிற மரத்தைப் பத்தி விசாரிச்சாங்க.”

மரம் என்பது சில்லறையின் புது யோசனை. நீண்ட வராந்தாச் சுவரில் காகிதத்தில் ஒரு பெரிய மரம். கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு காகித இலை. பணம் கொடுத்தால் பச்சை, உழைப்பு கொடுத்தால் மஞ்சள். இலையில் பெயரும் தொண்டின் பெயரும். நாலு மணி விழாவில் எல்லோர் முன்னாலும் ஒவ்வொன்றாக உரக்கப் படித்து ஒட்டுவதாகத் திட்டம். இந்த அறிவிப்பு நேற்று காலையில்தான் எல்லா இடங்களுக்கும் போயிருந்தது.

“சமையலம்மா புருஷன் மேல சந்தேகப்பட்டு அவர் சீட்டைப் பார்க்க எடுத்திருப்பாங்களோ?” என்றார் அதிகாரி திடீரென்று உற்சாகமாக.

“பெரிய கவர் சார் அது. அவங்க கையில இருந்தது உள்ளங்கை அளவு பர்ஸ். இந்தத் தங்கச்சி வாசல் வரைக்கும் கூடவே போயிருக்கு.” கவர் அண்ணன் அலமாரிக்குள் தலையை விட்டார். ஏழு கவர்களுக்கும் அடியில் வெட்டாத வெள்ளைத் தாள் கட்டு ஒன்று இருந்தது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே இருந்த கவரையும் தடவிப் பார்த்தார். இரண்டிலும் ஒரு கறை இல்லை.

“இந்த அலமாரிக்குள்ள டிப்போ கவர் வரவே இல்ல” என்றார்.

“எப்படிச் சொல்றீங்க?”

“டிப்போவுல தபால் டிரே எங்க இருக்கு தெரியுமா? பட்டறை மேசை மேல. கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்துல. அங்க இருந்து வர்ற கவரைத் தொட்டா கை கழுவாம சாப்பிட முடியாது. அது ராத்திரி முழுக்க இங்க இருந்திருந்தா மேல கீழ எங்கயாவது கரி ஒட்டாம இருக்குமா? வெள்ளைத் தாள் சார் இது. பொய் சொல்லாது.”

“அப்போ அஞ்சு மணிக்கு முன்னாடியே காணோமா?”

“காணோம். அப்படின்னா காலையில வந்தவங்க மேல பழி எதுக்கு?”

அதிகாரி தாடையைத் தடவினார். “கவர் கிடைக்கட்டும், அப்புறம் பேசலாம். பூட்டின பிறகு எடுக்கலைன்னு தாளை வச்சு போலீஸ்கிட்ட நிரூபிக்க முடியாது.”

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

காலை 11.20.

கவர் அண்ணனுக்குப் போக இடமில்லை. வண்டி வாசலில் முடங்கிக் கிடந்தது. 10.30 சுற்றுப் போகவில்லை. கையும் காலும் சும்மா இருக்கப் பழகாத மனிதர், வழக்கம்போல ‘வெளியே’ டிரேயில் இருந்த கவர்களை எடுத்து இடவாரியாகப் பிரிக்க ஆரம்பித்தார். சில்லறை ஏதாவது பேச்சு வேண்டுமே என்று கேட்டாள்.

“ஒவ்வொரு கவர்லயும் இத்தனை பேர் எழுதி அடிச்சிருக்காங்களே, உங்களுக்குக் குழப்பமே வராதா அண்ணே?”

அந்த மாவட்டத்தில் ஒரே பழுப்புக் கவர்தான் வருடக்கணக்கில் சுற்றும். முகப்பில் வரிசையாகக் கட்டங்கள். பெற்றவர் தன் பெயரை அடித்துவிட்டு அடுத்த கட்டத்தில் அடுத்தவர் பெயரை எழுதி அனுப்புவார். கட்டங்கள் தீரும்வரை அதற்கு ஆயுள்.

“என்ன குழப்பம்? கடைசிப் பேரை மட்டும்தான் பார்ப்பேன். அதுதான் உயிரோட இருக்கிற பேரு. மேல அடிச்சதெல்லாம் எனக்கு எதுக்கு? இருபது வருஷமா...”

பேச்சு அப்படியே நின்றது.

அவர் தன் கையைப் பார்த்தார். இந்த டிரேயில் இருந்து எடுத்த கை. சுத்தமாக இருந்தது. பிறகு குனிந்து தன் காக்கிப் பேண்டைப் பார்த்தார். வலது தொடையில் நான்கு விரல் நீளத்துக்குக் கறுப்புக் கோடு. நேற்றுப் போட்ட அதே பேண்ட். வண்டிக் கதவு ரிப்பேரில் பட்டது என்று நினைத்திருந்தார். ஆனால் கதவைச் சரிபண்ணியது மேஸ்திரி. இவர் டீ குடித்துக்கொண்டு பார்த்தவர்.

*ரெண்டுலயும் கரி*, என்றாளே அவள்.

“தங்கச்சி, டிப்போ கவர் உள்ள வரும். ‘உள்ளே’ டிரேயில கரி படும். நியாயம். ‘வெளியே’ டிரேயில எப்படிப் பட்டுச்சு?”

சில்லறை ‘வெளியே’ டிரேயைப் புரட்டிப் பார்த்தாள்.

“மேஸ்திரி வேலைச்சீட்டு கொடுத்தப்ப முத்திரை எங்க இருந்துச்சு?”

“பின்னால... அலமாரி மேல. திரும்பித்தான் எடுத்தேன்.”

“பேனா?”

“என்னோடதைத்தான் வாங்கிக்கிட்டாரு.”

கவர் அண்ணன் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். இமையின் குற்றம் கண்ணுக்குத் தெரியாது என்பார்கள். நேற்று மாலை கடைசிச் சுற்றில் டிப்போவுக்கு ஒரு கனமான கவரைக் கொண்டுபோய் வைத்தது இப்போது ஞாபகத்துக்கு வந்தது. விடுமுறைக்கு முந்தின நாள் டிப்போவுக்கு என்ன இவ்வளவு கனம் என்று ஒரு நொடி தோன்றி, எதுவோ அட்டவணையாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

அவர் எழுந்து அதிகாரி அறைக்குப் போனார்.

“சார், என் வண்டியை விடுங்க. கவரோட வர்றேன்.”

“ஒரு துரும்பும் வெளிய போகக் கூடாதுன்னு சொன்னேன்ல?”

“துரும்பு உள்ள வரணும்னா வண்டி வெளிய போகணும் சார். என் கணக்கு சரின்னா, நீங்க வண்டியை நிறுத்தினதாலதான் கவர் இன்னும் இங்க வந்து சேரல.”

பகல் 12.40. டிப்போ.

பஸ்கள் வரிசையாகக் கழுவி நிறுத்தப்பட்டிருந்தன. ஓட்டுநர்கள் சாவிகளை ஒப்படைத்துக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பட்டறை மேசை மேல், தபால் டிரேயில், ஒரே ஒரு கவர் இருந்தது. நூல் சுற்றி, ஒழுங்காக, யாரோ வந்து எடுப்பார்கள் என்று நம்பிக் காத்திருந்தது.

கவர் அண்ணன் இருபது வருடத்தில் முதல் முறையாக அடித்த பெயர்களையும் படித்தார். கடைசியிலிருந்து மேலே:

சம்பளப் பிரிவு.

டிப்போ பட்டறை. அடித்திருந்தது.

சம்பளப் பிரிவு. அடித்திருந்தது.

போய், திரும்பி, மறுபடி போகக் கிளம்பி நிற்கிறது. நூலைப் பிரித்து எண்ணினார். நாற்பது சீட்டுகள்.

மேஸ்திரி கை கழுவும் தொட்டியருகே நின்றிருந்தார். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. கையைக் கழுவவில்லை.

“10.30 சுத்துக்கு ஏன் வரல?” என்றார் திரும்பாமலே. “ஒன்பது மணிக்கே வச்சுட்டேன். நீ எடுத்துட்டுப் போயிருந்தா பதினொண்ணுக்குள்ள அந்தப் பொண்ணு மேசையில இருந்திருக்கும். ஒண்ணு குறையுதேன்னு தலையைச் சொறிஞ்சுட்டு விட்டிருக்கும்.”

“அந்தப் பொண்ணா விடும்? காசு குறைஞ்சாலே தூங்காது. நான் ஏன் வரலைன்னு கேக்கறீங்களே மேஸ்திரி, உங்க கவரைத் தேடிக்கிட்டு இருந்தேன்.” கவர் அண்ணன் குழாயை மூடினார். “துப்புரவு அக்கா திருடிட்டாங்கன்னு பையைத் திறந்து பார்த்திருக்காங்க. நாலு மணிக்கு போலீஸ். அடுத்த மாச உத்தரவு காலி.”

மேஸ்திரி இப்போதுதான் திரும்பினார்.

“ஐயோ. எனக்கு... சத்தியமா எனக்குத் தெரியாதுப்பா.”

“தெரிஞ்சிருந்தா செய்ய மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். நாற்பத்தோராவது எங்க?”

மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து எடுத்தார். நான்காக மடித்திருந்தது. பணம் என்ற கட்டம் காலி. உழைப்பு என்ற கட்டத்தில்: *மாதம் ஆறு மணி நேரம். சனிக்கிழமை பஸ். பிரேக், டயர், என்ஜின்.*

சனிக்கிழமை பஸ் என்றால் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மாதத்தின் முதல் சனிக்கிழமை, சிறையில் இருப்பவர்களைப் பார்க்கப் போகும் குடும்பங்களை இலவசமாக ஏற்றிக்கொண்டு போகும் ஒரு கிழட்டு வண்டி. சிலபேர் சேர்ந்து நடத்துகிறார்கள். எந்தப் பள்ளியும் வேண்டாம் என்று கழித்துப்போட்ட பஸ் அது.

“எங்க பையன் உள்ள போன அன்னிக்கு நான் ஒரு வார்த்தை சொன்னேன்” என்றார் மேஸ்திரி. “இந்த வீட்டுல இருந்து எவனும் அந்த வாசப்படியை மிதிக்கக் கூடாதுன்னு. அவ ஒண்ணும் பேசல. மூணு மாசம் கழிச்சு, முதல் சனிக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு கிளம்பினா. அடுத்த மாசமும் முதல் சனிக்கிழமை. தங்கச்சி மேல அப்படி என்ன திடீர் பாசம்? பின்னாலயே போய்ப் பார்த்தேன். அந்த பஸ்ல ஏறினா.”

“கேக்கலையா?”

“கேக்கல. பஸ்ஸைப் பார்த்தேன். பின் டயர் ரெண்டும் வழுக்கை. பிரேக் போட்டா அடுத்த தெருவுல போய் நிக்குது. மலைப்பாதைப்பா அது” என்றார் அவர். “வேண்டாம்னு சொன்னா போறதை நிறுத்திடுவா. சரின்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதான், வியாழக்கிழமை சாயங்காலம் போய் பிரேக்கைப் பார்த்துட்டு வந்துடுவேன். மூணு வருஷமாச்சு. வீட்டுல ஓவர்டைம்னு சொல்லிக்கிறது.”

“அப்புறம் எதுக்குச் சீட்டுல எழுதினீங்க?”

“சீட்டு சம்பளப் பிரிவோட நிக்கும்னு நினைச்சேன். ஒரு இடத்துலயாவது எழுதி வைக்கணும் போல இருந்துச்சு. நேத்துக் காலையில நோட்டீஸ் வருது, எல்லாத்தையும் சபையில படிப்பாங்களாம், இலை ஒட்டுவாங்களாம். அவ முன் வரிசையில உட்கார்ந்திருப்பா.”

“அந்தப் பொண்ணுகிட்டத் திரும்பக் கேட்டிருக்கலாமே?”

“ஏன் சார்னு கேக்குமே. என்ன சொல்லுவேன்?”

“உங்க வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சா இப்ப என்ன ஆயிடும் மேஸ்திரி? நல்லதைத்தானே செஞ்சிருக்கீங்க?”

மேஸ்திரி தன் கைகளைப் பார்த்தார்.

“எல்லாம் தெரிஞ்சும் ஏன் என்கூட வரலைன்னு கேட்டா? மூணு வருஷம் பஸ்ஸுக்கு அடியில படுத்தவனுக்கு ஒரு தடவை உள்ள ஏறி உட்காரத் தைரியம் இல்லையான்னு கேட்டா? அதுக்கு என்கிட்ட பதில் இல்லப்பா.”

கவர் அண்ணனுக்கும் ஒன்பது வருடமாகப் பதில் இல்லாத ஒரு கேள்வி இருந்தது.

“உங்க பேரை என் வாயால சொல்ல மாட்டேன்” என்றார் கடைசியில். “ஆனா அந்தம்மா பேருல அழுக்கு ஒட்டவும் விட மாட்டேன். நாற்பதோட நான் போறேன். நாற்பத்தோராவது உங்க இஷ்டம்.”

வண்டியைக் கிளப்பும்போது பக்கத்துக் கதவு திறந்தது. மேஸ்திரி ஏறி உட்கார்ந்தார். கழுவாத கையோடு.

மாலை 4.00.

வராந்தா நிறைந்திருந்தது. முன் வரிசையில் சமையலம்மா. கடைசியில், தூணோரம், கையில் துடைக்கும் துணியோடு துப்புரவு அக்கா. அவள் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. காலையிலிருந்து பேச்சு பரவியிருந்தது.

“கவர் கிடைச்சிடுச்சு” என்றார் அதிகாரி. “எடுத்தது யாருன்னு கவர் அண்ணன் சொல்லுவாரு.”

“நான்தான்” என்றார் கவர் அண்ணன்.

சலசலப்பு எழுந்தது.

“நான்தான் சார் தூக்கிட்டுப் போனேன். வியாழன் 3.50-க்கு, எல்லார் கண்ணு முன்னாடியும், சிரிச்சுக்கிட்டே. பூட்டு உடையல, சாவி திருடு போகல. கவர்ல இருந்த பேரை யாரோ அடிச்சு, வேற பேரை எழுதி, இந்த டிரேயில இருந்து அந்த டிரேக்கு மாத்தி வச்சாங்க. அவ்வளவுதான். ஒரு முழம் தூரம். மீதியை நான் செஞ்சேன். கடைசிப் பேரை மட்டும் பார்க்கிறவன் ஒருத்தன் இருக்கான்னு அவங்களுக்குத் தெரியும்.”

“இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“நான் கண்டுபிடிக்கல. துப்புரவு அக்காதான் கண்டுபிடிச்சாங்க. டிப்போ கவர் வர்ற டிரேயில மட்டும் கரி இருக்கணும். போற டிரேயிலயும் கரி இருந்துச்சு. இன்னிக்குக் காலையில ஆறேகாலுக்கே அவங்க கண்ணுல பட்டுச்சு. என்கிட்ட வாய்விட்டுச் சொன்னாங்க. நான் ஏதோ புலம்பல்னு விட்டுட்டேன். நீங்க அவங்க பையைத் திறந்ததுக்குப் பதிலா வாயைத் திறக்க விட்டிருந்தா ஒன்பது மணிக்கே முடிஞ்சிருக்கும்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“சரி, பேரை அடிச்சது யாரு?” என்றார் அதிகாரி.

கவர் அண்ணன் வாயைத் திறக்கவில்லை.

“நான்.”

மேஸ்திரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அதிகாரியைப் பார்க்கவில்லை. நேராகத் தூணோரம் போய், துப்புரவு அக்கா முன்னால் நின்று, “என்னை மன்னிச்சிடும்மா” என்று கைகூப்பினார். பிறகு திரும்பி வந்து, மடித்த சீட்டைச் சில்லறையிடம் நீட்டினார்.

“படிம்மா. சத்தமா படி.”

சில்லறை படித்தாள். ஒரு எழுத்து விடாமல் படித்தாள். கடைசிக் காசு வரை கணக்குப் பார்க்கிறவள் ஆயிற்றே. *சனிக்கிழமை பஸ். பிரேக், டயர், என்ஜின்.*

சமையலம்மா எழுந்தாள். மேஸ்திரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார், அடி விழப்போகிற பிள்ளை மாதிரி.

“இதுக்காகவா கவரைத் திருடினீங்க?”

மேஸ்திரி தலையை மட்டும் ஆட்டினார்.

“பஸ்ல மூணாவது தடவை போறப்பவே பிரேக் சத்தம் போடல. மலையிறக்கத்துல வெண்ணெய் மாதிரி நிக்குது. பக்கத்துச் சீட்டுக்காரி, புது டிரைவர் போலன்னு சொன்னா. டிரைவர் இல்லடி, இது வேற கைன்னு நான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். முப்பது வருஷம் அந்தக் கைக்குச் சோப்பு வாங்கிக் கொடுத்தவ நான். எனக்குத் தெரியாதா?”

“தெரியுமா?” மேஸ்திரி நிமிர்ந்தார். “அப்புறம் நேத்து ஓவர்டைம் இருக்கான்னு...”

“ஒருவேளை நானா கற்பனை பண்ணிக்கிறேனோன்னு ஒரு பயம். உறுதி பண்ணிக்கப் போனேன். இந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்ததும் மனசு நிறைஞ்சு போச்சு.”

“எல்லாம் தெரிஞ்சும் நான் ஏன் வரலைன்னு நீ கேக்கவே இல்லையே?”

“கேட்டா வந்திருப்பீங்க. கேட்டு வர்றது எனக்கு எதுக்கு?” அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. “அவன் ஒவ்வொரு தடவையும் கேக்கறான், அப்பா எப்படி இருக்காருன்னு. பஸ்ஸுக்கு அடியில படுத்திருக்காருடான்னு சொல்லியிருக்கேன். சிரிப்பான்.”

மேஸ்திரி அங்கேயே, அத்தனை பேர் முன்னால், முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். கை எடுத்தபோது கன்னமெல்லாம் கிரீஸ்.

“நாளைக்கு முதல் சனிக்கிழமை” என்றாள் சமையலம்மா. “ஆறு மணிக்கெல்லாம் வண்டி எடுத்துடுவாங்க.”

“தெரியும்” என்றார் அவர். “ஜன்னல் சீட்டு உனக்கு. நான் வழியோரம்.”

அதிகாரி தொண்டையைச் செருமினார். கவரைப் பெயர் மாற்றித் திருப்பிவிட்ட விஷயத்துக்கு மேஸ்திரியிடம் எழுத்தில் ஒரு விளக்கம் வாங்கினால் போதும் என்றார். பிறகு கூட்டத்தின் கடைசி வரை நடந்து போனார். பயந்த மனிதருக்கு அது நீண்ட தூரம்.

“உங்க உத்தரவை நானே எடுத்துட்டுப் போய்க் கையெழுத்து வாங்கித் தர்றேன்மா. பையைத் திறந்தது தப்பு.”

“பரவால்ல சார்” என்றாள் துப்புரவு அக்கா. “தைலம் வேணும்னா கேளுங்க. மோந்து பார்த்தா மட்டும் முட்டிவலி போகாது.”

வராந்தாவே சிரித்தது. இப்போது அவள் பக்கத்தில் இடமில்லாமல் ஆட்கள் நின்றார்கள்.

மாலை 5.30. எல்லோரும் போய்விட்டார்கள்.

கவர் அண்ணன் கடைசிச் சுற்றுக்குப் பையை எடுக்க வந்தபோது அவள் மரத்தின் முன்னால் நின்று சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அத்தனை பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில், மேஸ்திரியே ஒட்டிய மஞ்சள் இலையில், ஒரு கறுப்புக் கட்டைவிரல் ரேகை அழுத்தமாகப் பதிந்திருந்தது. துணி அதன் அருகே வந்து நின்றது.

“இது இருக்கட்டும்” என்றாள். அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

அவர் பையைக் கீழே வைத்தார்.

“ஏங்க, ரெண்டு வாரம் லீவு. காலையில டீ...”

“அலுவலகம்தானே லீவு, கவர்காரரே. டீக்கு என்ன லீவு?” அவள் திரும்பவில்லை. “ஆனா இனிமே பிஸ்கட் ரெண்டா வாங்கிட்டு வாங்க. ஒன்பது வருஷமா ஒண்ணையே உடைச்சு இழுத்துக்கிட்டு இருக்கோம்.”